உப்புக் குறி

மழை விட்ட மறுநாளே முடிச்சூரில் காரணங்கள் முளைக்க ஆரம்பித்துவிட்டன. தண்ணீர் வடிவதற்குள் தெருவுக்கு ஒன்று தயாராகிவிட்டது. முனையில் காய்கறி விற்கிற கங்கம்மா, ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றாமல் விட்டதால்தான் ஆத்தா ஊரையே கழுவிவிட்டாள் என்றாள். மஸ்ஜித் சந்தில் ஒருவர், கல்யாண வீட்டில் பாட்டுக் கச்சேரி வைத்ததன் பலன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கர்மேல் நகரில் சங்கதி வேறு. அங்கே தண்ணீர் வீடுகளுக்குள் வரவில்லை. ஆகவே வராததற்குக் காரணம் வேண்டியிருந்தது. அதுவும் கிடைத்துவிட்டது. டெபோராவின் மாவு வாளிதான் அந்தக் காரணம்.

கேட்டவர்கள் எல்லாரும் மெய்சிலிர்த்தார்கள். டெபோராவுக்கு மட்டும் அது தொண்டையில் சிக்கிய மீன் முள்ளாக இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கர்மேல் நகரின் கடைசி வீடு அவளுடையது. இட்லி மாவு அரைத்து மளிகைக் கடைகளுக்கும் இரண்டு மூன்று டிபன் கடைகளுக்கும் போடுகிறாள். வீட்டுக்குப் பின்னால் நகர் சங்கத்தார் கட்டிய காம்பவுண்டுச் சுவர், ஓடையையும் குறுக்கே தாண்டி, ஆள் உயரத்துக்கு மேல் நெடுகப் போகிறது. அதில் ஒரு சின்ன இரும்புக் கதவு. திறந்தால் ஓடைக்கரை. அங்கேதான் தகர ஷீட் போட்ட மாவுக் கொட்டகை இருந்தது. வீட்டுக்குள் கிரைண்டரில் அரைத்து, கையால் கலக்கி, பழைய பெயின்ட் வாளிகளில் ஊற்றிக் கொட்டகையில் விறகு அடுப்பை ஒட்டி வரிசையாக வைத்துவிடுவாள். மழைக்காலத்தில் மாவு லேசில் பொங்காது. அடுப்புச் சூடு பட்டால்தான் விடிவதற்குள் மூடியை முட்டும்.

டிபன் கடைக்காரர்கள் உப்பு போடாத மாவு கேட்பார்கள். மளிகைக் கடைக்குப் போவதில் உப்பு இருக்கும். ஒருமுறை வாளி மாறிப்போய், டிபன் கடையில் உப்பின்மேல் உப்புப் போட்டு, அன்றைய இட்லி அத்தனையும் குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து உப்பு போட்ட வாளியின் மூடியில் சிவப்பு எனாமலில் ஒரு கூட்டல் குறி. போடாததற்கு ஒன்றும் கிடையாது. எடுக்க வருகிறவர்கள், "உப்பு ஒண்ணு, சாதா ஒண்ணு" என்று சொல்லித் தூக்கிப் போவார்கள். அந்தக் குறியைச் சிலுவை என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

புயலன்று ஏரி நிரம்பி வழிந்து, ஓடை பொங்கி, கொட்டகையை அடித்துக்கொண்டு போனது. டெபோரா மொட்டை மாடியில் தார்ப்பாய்க்குள் நின்று பார்த்தாள். வாளிகள் மிதந்தன. ஓடை நேராக ஆற்றுக்குப் போகிற ஓடை. ஆனால் வாளிகள் நேராகப் போகவில்லை. சுவரில் முட்டி, சற்று யோசிப்பதுபோல் நின்று, பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரை ஒட்டியே பக்கவாட்டில் திரும்பி மஸ்ஜித் சந்துப் பக்கம் போய்விட்டன. அவள் வீட்டு வாசலில் தெருத் தண்ணீர் இரண்டாவது படியோடு நின்றது. சந்தில் ஓட்டு வீடுகளின் கூரையைத் தொட்டது.

வாளிகளைச் சந்துக்காரர்கள் பிடித்து, மாடியில் அடுப்பு வைத்து, எல்லாருக்கும் தோசை சுட்டுப் போட்டிருக்கிறார்கள். யாரோ அதைப் படம் எடுத்தார்கள். படம் டெபோராவின் சபை வாட்ஸ்அப் குழுவுக்கு வந்ததும் சிவப்புக் குறி சிலுவையாகிவிட்டது. சிலுவை போட்ட வாளி பசித்தவர்களைத் தேடிப் போனது, வாளி புறப்பட்ட வீட்டு வாசலில் தண்ணீர் அடங்கி நின்றது என்று அது அரக்கோணம் வரைக்கும் போய்விட்டது.

சனிக்கிழமை காலை பாஸ்டர் வண்டியை நிறுத்தி இறங்கினார். நல்ல மனிதர். மார்பளவு தண்ணீரில் மஸ்ஜித் சந்துக்குப் பால் பாக்கெட் சுமந்தவர். முழங்கால் புண்ணுக்கு இன்னும் கட்டுப் போட்டிருந்தார். கூடவே அவருடைய மனைவி கிறிஸ்டினா.

"சிஸ்டர், நாளைக்கு ஆராதனையில சாட்சி நீங்கதான். வெளிச் சபையிலிருந்தும் ஆளுங்க வராங்க" என்றார் பாஸ்டர்.

"எனக்கு மைக்குல பேச வராது பாஸ்டர்."

"பெரிசா ஒண்ணும் வேணாம். நடந்ததை நடந்தபடி சொன்னா போதும். செங்கடல் பிளந்ததுக்கு அப்புறம் இந்த முடிச்சூர்லதான்னு நான் முடிச்சுடுறேன்."

"அந்த மூடில கீற குறி வந்து..."

"அதை எடுத்துட்டு வாங்க சிஸ்டர், எல்லாரும் பார்க்கட்டும்" என்றாள் கிறிஸ்டினா. வண்டி கிளம்பிவிட்டது.

அன்று முழுக்க டெபோராவுக்குக் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. உளுந்து அரைபட்டுக்கொண்டிருந்தபோதே வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள். வங்கக் கடலில் இன்னொரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறதாம். போன் மணிக்கொருதரம் கத்தியது. திரும்பி வந்து, அரைபட்டது போதுமா என்று ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். மிதந்தது. மாவு மிதந்ததைப் பார்த்ததும் வாளி மிதந்தது ஞாபகம் வந்து மறுபடி எழுந்து போனாள். கர்த்தர் தன் வீட்டைக் காப்பாற்றினார் என்பதில் அவளுக்கு ஆசைதான். யாருக்குத்தான் ஆசையிருக்காது? ஆனால் தண்ணீரை நிறுத்தியது அவர் என்றால் அதை அந்தப் பக்கம் திருப்பியது யார் என்று மனசு நச்சரித்தது.

மத்தியானம் நஃபீசா வந்தாள். மஸ்ஜித் சந்துக்காரி, வெள்ளத்துக்கு முன் தினமும் காலையில் இங்கே மாவைப் பாக்கெட் போட வருகிறவள். கையில் அடுக்கிய வாளிகள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் இந்த வாசல் ஏறுவது இதுதான் முதல் தடவை.

"எல்லாத்தையும் கழுவிட்டேன்கா. ஒண்ணுக்கு மட்டும் கைப்புடி பூடுச்சு."

"வாளிக்கு இன்னாடி இப்ப? அத்தா எப்படிக் கீறாரு?"

அத்தா என்பது நஃபீசாவின் தகப்பனார் அத்தாவுல்லா. ஏற்கெனவே படுக்கையில் இருந்தவர். வெள்ளத்தில் நனைந்து, நெஞ்சில் சளி கட்டி, ஜி.எச்.சில் கிடக்கிறார்.

"ஆக்சிஜன் வச்சிகீறாங்க. நேத்து கண்ண தொறந்தாரு. மழ நின்னுச்சான்னு கேட்டாரு. அவ்ளோதான், அதுக்கப்பறம் பேச்சு மூச்சு இல்ல."

"ஒக்காரு. தோச ஊத்தறேன்."

"தோசையே வேணாம்கா. மாடில உன் மாவு தோசையாவே துன்னு துன்னு நாக்கு செத்துப் பூடுச்சு" என்று சிரித்தாள் நஃபீசா. பிறகு ஒரு மூடியைத் திருப்பிக் காட்டினாள். "இத்த சிலுவைன்னு போட்டு படம் சுத்திகினு கீதாமே? எனக்கு சிரிப்பு தாங்கலக்கா. உப்புக் குறி ஆச்சே இது. நானே எத்தினி மூடிக்கு அடிச்சிகீறேன். நீ சொல்லலியா?"

"எங்க சொல்ல வுட்டாங்க?"

"எங்க சந்துல மட்டும் இன்னா? ஒர்த்தரு சொல்றாரு, நாம சரியா தொழுவல, அதான் தண்டனன்னு. எங்க அத்தா படுத்த படுக்கையா அஞ்சு வேள தொழுவற ஆளு. எங்க வூட்டுக்காரு கேட்டுட்டாரு, 'அப்ப கர்மேல் நகர்ல எல்லாரும் ரொம்ப தொழுதாங்களா, அவங்க வூடு காஞ்சி கீதே'ன்னு. அந்தாளு துண்ட ஒதறிகினு பூட்டாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் டெபோராவுக்குத் தன் காய்ந்த தரையைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"தண்ணி எப்படி வந்துச்சு தெரியுமாக்கா? எப்பவும் எங்களுக்கு ஆத்துப் பக்கமாதான் வரும். மொள்ள ஏறும். பொட்டி படுக்கைய தூக்கி வைக்க டைம் குடுக்கும். இந்தவாட்டி பின்னாலேர்ந்து வந்துச்சு, உங்க செவுத்த ஒட்டிகினு. எங்க வூட்டுக்காரு தையல் மிஷின தூக்கலாம்னு குனிஞ்சாரு. நிமிர்றதுக்குள்ள இடுப்பளவு. அத்தாவ கட்டிலோட மாடிப்படில ஏத்தறதுக்குள்ள அத்தா மேல ரெண்டு வாட்டி அல அடிச்சிது. அப்பதான் ஜன்னல் கம்பில டொம்மு டொம்முனு சத்தம். இன்னாடான்னு பாத்தா உன் வாளி. இது எப்படி இங்கன்னு அந்த நேரத்துலயும் யோசிச்சேன். ஓடைல போனா ஆத்துக்குல்ல போயிருக்கணும்?"

கிரைண்டர் கல் வெறுமே சுற்றியது. அதை நிறுத்தக்கூட டெபோராவுக்குத் தோன்றவில்லை.

"திங்கக்கெழம ஏரி ஆபீசுலேர்ந்து செவுத்த பாக்க வராங்கக்கா. உங்க நகர் ஆளுங்க, தண்ணி ஆத்துலேர்ந்துதான் வந்துச்சு, செவுத்துக்கு சம்பந்தமே இல்லன்னு சொல்லிட்டாங்களாம். நாங்க சொன்னா நட்ட ஈட்டுக்கு பேசறோம்ன்றாங்க. நீ வந்து ஒண்ணே ஒண்ணு சொல்லு. வாளிய எங்க வச்சிருந்த, அது எங்க கெடச்சுது. வேற ஒண்ணும் வேணாம். எங்களுக்கு சாட்சி நீதான்."

காலையில் பாஸ்டர் சொன்ன அதே வார்த்தை. "பாக்கறேன்" என்றாள் டெபோரா. நஃபீசா அதற்குமேல் நெருக்கவில்லை. கிரைண்டரை நிறுத்திவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, தானாகவே மாவை வழித்து வாளியில் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

சாயங்காலம் அவள் புருஷன் தயாளன் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தான். தாம்பரத்துக்கும் முடிச்சூருக்கும் நாள் பூராவும் ஓட்டி அவன் கழுத்தெல்லாம் சேற்றுப் புழுதி. அந்தக் காம்பவுண்டுச் சுவருக்காக வீடு வீடாக நடந்து, கெஞ்சி, சண்டை போட்டுக் கட்டி முடித்தவன் அவன்தான். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் தோசையைப் பிய்த்துப் போட்டபடி கேட்டான்.

"நஃபீசா வந்துச்சாமே?"

"வாளி குடுக்க வந்துச்சு. திங்கக்கெழம சாட்சி சொல்ல சொல்லுது."

"சபைல சொல்லு சாட்சி. வேணான்னா சொல்றேன்? ஏரி ஆபீசு ஆளு கைல சொல்லாத."

"நான் பாத்தேன்யா. வாளி செவுத்துல முட்டி திரும்பிச்சு."

"தெரியும். நானும் தான் பாத்தேன்."

அவள் தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். அவனும் பார்த்திருப்பான் என்று அவளுக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. தனக்கு மட்டும் என்று வைத்திருந்த பாரம் அவன் நெஞ்சிலும் இருந்திருக்கிறது.

"இந்தா பாரு" என்றான் தயாளன், குரலைத் தாழ்த்தி. "பதினஞ்சு வெள்ளத்துல இன்னா ஆச்சுன்னு மறந்துட்டியா? நம்ம பொண்ணு ஏஞ்சல தோள்ல ஒக்கார வச்சிகினு கழுத்தளவு தண்ணில நின்னேனே. கொழந்த குளுருல பல்லு கடிக்கற சத்தம் என் காதுல கேட்டுகினே இருந்துச்சு. பாம்பு ஒண்ணு என் மூஞ்சிக்கு நேரா போச்சு. அன்னிக்கி யாரு வந்தா? அப்பறந்தான் அந்த செவுரு. இன்னிக்கி வூடு நின்னுச்சுன்னா அதான் காரணம்."

"அப்ப செவுருதான் காப்பாத்துச்சு. கர்த்தரு இல்ல."

"நான் அப்படி சொல்லல."

"இப்ப அப்படித்தான சொன்ன?"

தயாளன் கையை உதறினான். "கர்த்தருன்னே இருந்துட்டு போவட்டும். அதுல யாருக்கு இன்னா? கர்த்தருன்னு சொன்னா ஒர்த்தனும் டேப்ப எடுத்துகினு அளக்க வரமாட்டான். செவுருன்னு சொன்னா கடப்பாரையோட வருவான்."

"ஓட போற எடத்த அடைச்சிட்டோம்யா நாம."

"ஓடத் தண்ணி போவ பைப்பு வச்சிதான கட்டினோம்?"

"அந்த பைப்புல என் வாளி ஒண்ணு நொழையுமா சொல்லு."

அவன் தட்டில் விரலால் கோடு போட்டான். பிறகு, "செவுத்த தொறந்தாங்கன்னா அடுத்த மழைக்கு நம்ம வூட்லயும் தண்ணி. உன் கிரைண்டரு போவும், ஃப்ரிட்ஜு போவும். பொண்ண மறுபடி தோள்ல தூக்க முடியாது, வளந்துட்டா" என்றான்.

"போவும்" என்றாள் டெபோரா. சொல்லும்போது அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. இந்தக் கிரைண்டர்தான் அவள் சோறு. அந்த இருட்டுத் தண்ணீரும் அவளுக்கு மறக்கவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவள், வாளியில் ஊற்றிய மாவுக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்றுகூடச் சரியாக ஞாபகம் இல்லாமல் படுக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வானம் மூடிக்கொண்டு நின்றது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சபைக் கூடத்தில் நாற்காலி போதாமல் ஆட்கள் பாயிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஈரத் துணி நாற்றமும் மல்லிகைப் பூ வாசனையும் கலந்து வந்தன. ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் தயாளன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் அவளை அழைத்தார். ஒரு கையில் மூடி, ஒரு கையில் மைக்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தாள்.

"ஸ்தோத்திரம்!" என்றது சபை.

"அன்னிக்கி சாயங்காலம் மாவு அரைச்சி கொட்டாய்ல வச்சிருந்தேன். கொட்டாய் செவுத்துக்கு அந்தாண்ட இருந்துச்சு. தண்ணி வந்து கொட்டாய அடிச்சிகினு பூடுச்சு. வாளிங்க மெதந்துச்சு."

"அல்லேலூயா!"

"எப்பவும் ஓட நேரா ஆத்துக்கு போவும். அன்னிக்கி வாளிங்க நேரா போவல. செவுத்துல முட்டி திரும்பிச்சு."

"கர்த்தர் திருப்பினார்!" என்று பாஸ்டர் இரண்டு கையையும் உயர்த்தினார். கீபோர்டுக்காரர் ஒரு ராகத்தை அழுத்தினார்.

"செவுத்த ஒட்டிகினே போயி மஸ்ஜித் சந்துல நஃபீசா வூட்டு ஜன்னல்ல முட்டுச்சு."

"பசித்தவர்களைத் தேடிப் போச்சு! சொல்லுங்க ஸ்தோத்திரம்!"

"ஸ்தோத்திரம்!"

டெபோரா ஒவ்வொரு உண்மையாக எடுத்து வைக்க, வைத்த இடத்திலேயே அது அதிசயமாகிக்கொண்டிருந்தது. இப்படியே உட்கார்ந்துவிடலாம். யாரும் தப்புச் சொல்லப் போவதில்லை. தான் பொய்யும் சொல்லவில்லை. ஜி.எச்.சில் கண்ணைத் திறந்து, மழை நின்றதா என்று கேட்ட கிழவர் நினைவுக்கு வந்தார்.

"கொஞ்சம் ஸ்தோத்திரம் சொல்லாத கேளுங்க" என்றாள்.

கீபோர்டு நின்றது.

"வாளிக்கு காலு இல்ல. தண்ணிதான் இட்டுகினு போச்சு. வாளி போன வழியாதான் அவ்ளோ தண்ணியும் போச்சு, அதே வூட்டுக்குள்ள. அங்க படுத்திருந்த பெரியவரு இன்னிக்கி ஆக்சிஜன்ல கெடக்கறாரு. வாளிய அனுப்புனது கர்த்தருன்னா தண்ணிய அனுப்புனதும் அவருன்னு சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். அந்தப் பழிய என் வாயால அவரு மேல போட மாட்டேன். தண்ணிய திருப்புனது செவுரு. செவுத்த கட்டினது நாம."

அவள் மூடியைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்பறம், இது சிலுவ இல்ல பாஸ்டர். உப்பு போட்டாச்சுன்னு குறி. அடிச்சதே நஃபீசாதான்."

பின்வரிசையில் ஒரு அம்மா பழக்கதோஷத்தில் "ஸ்தோத்திரம்" என்றுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டார். வியாதியஸ்தர்களுக்காக ஜெபிப்போம் என்றார். ஜெபத்தில் அத்தாவுல்லா பெயரையும் சேர்த்துக்கொண்டார். டெபோரா கண்ணைத் திறந்து பார்த்தபோது தயாளனின் நாற்காலி காலியாக இருந்தது.

வெளியே செருப்பு மாட்டும்போது கிறிஸ்டினா பக்கத்தில் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"சிஸ்டர், சாட்சின்னா நடந்ததை மட்டும்தான் சொல்லணும். காரணம் எல்லாம் நாம சொல்லக் கூடாது."

"நடந்தத தான் சொன்னேன் பாஸ்டரம்மா. காரணத்த நீங்கல்லாம் தான் சொல்லிகினு இருந்தீங்க."

மழை தூற ஆரம்பித்திருந்தது. வழியெல்லாம் கர்மேல் நகர்க்காரர்கள் ஒருவரும் அவளைக் கடந்து போகும்போது பேசவில்லை. வண்டியில் போன ஒருவர் மட்டும், "நல்லா பண்ணீங்க, போங்க" என்றுவிட்டுப் போனார். அது பாராட்டு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தயாளன் வீட்டைவிட்டே போயிருப்பானோ, ஆட்டோ நிற்குமோ நிற்காதோ என்று ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

ஆட்டோ வாசலில்தான் நின்றது. உள்ளே கட்டிலின் காலுக்கடியில் செங்கல் ஏறியிருந்தது. துணி மூட்டை பரண்மேல் போயிருந்தது. ஃப்ரிட்ஜ் சமையல் மேடையோரம் இரண்டு ஸ்டூல்மேல் சாய்ந்து நின்றது. சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு, வாளி ஒன்றைத் திறந்து விரலால் தொட்டு நக்கிக்கொண்டிருந்தான் தயாளன்.

"உப்பு போடல நீ" என்றான்.

"இன்னாய்யா பண்ணிகினு கீற?"

"கண்ணு தெரியல? நாளைக்கி அவனுங்க வருவானுங்க. அத்தினி பேரு முன்னால சொன்னவ, அங்க சொல்லாதயா இருப்ப? செவுத்த தொறப்பானுங்க. தண்ணி வரும்."

"முழுசா ஒடைக்க வேணாம்யா. ஓட போற எடத்துல மட்டும் தொறந்து வுட்டா..."

"எனக்கு பாடம் எடுக்காத. கட்டினவன் நான். எங்க தொறக்கணும்னு எனக்கு தெரியும்." வாளி மூடியை அவள் கையில் திணித்தான். "இந்தக் குறிய மாத்து மொதல்ல. வட்டம் கிட்டம் எதுனா போடு. மறுபடி மெதந்து எங்கன்னா போச்சுன்னா பேஜாரு."

"வட்டம் போட்டா வேற யாருனா வந்து சக்கரம்னு சொல்லுவாங்க. உப்புன்னே எழுதிடறேன்" என்று மூடியை வைத்துவிட்டு உப்பு டப்பாவை எடுத்தாள்.

அவன் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. வரவிடவில்லை. கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது. வெளியே மழை பலத்தது. தயாளன் கிரைண்டரின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றினான். கல்லை எடுத்து ஓரமாக வைத்தான். குனிந்து ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"இன்னா வேடிக்க பாக்கற? அந்தப் பக்கம் புடி."

அவள் உப்பு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் பிடித்தாள்.